பள்ளிவாசலில் நான் வாசித்த இரண்டு சொற்கள்

1

சென்ற மாதம் என் மகளின் பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பெற்றார் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். இந்த வெள்ளைக்கார நாட்டில் பிள்ளை நீந்தப் போவதற்கும் கையொப்பம், மியூசியம் பார்க்கப் போவதற்கும் கையொப்பம், பல் டொக்டருக்கு வாயைத் திறப்பதற்கும் கையொப்பம். வழக்கம்போலப் படிக்காமலே பேனாவைத் திறந்தேன்.

"வாசிச்சிட்டு சைன் பண்ணுங்க வாப்பா" என்றாள் மகள்.

வாசித்தேன். வகுப்பில் ஒரு விவாதம் நடக்கப் போகிறது. தலைப்பு கருக்கலைப்பு. பதினான்கு வயதுப் பிள்ளைகள் இரண்டு அணியாகப் பிரிந்து பேசுவார்களாம். ஆட்சேபனை உள்ள பெற்றார் அறிவிக்க வேண்டுமாம். இந்தக் குளிர்காலம் முழுவதும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இதே பேச்சுத்தான். எத்தனை வாரம்வரை விடலாம், யார் முடிவெடுப்பது என்று பெரிய மனிதர்கள் மேசையில் அடித்துப் பேசுகிறார்கள். அது இப்போது பிள்ளைகளின் வகுப்புக்கும் வந்துவிட்டது.

"அபோர்ஷனுக்குத் தமிழ்ல என்ன வாப்பா?"

"கருக்கலைப்பு."

"அது புக் தமிழ். ஊர்ல ஆக்கள் கதைக்கக்குள்ள என்ன சொல்லுவாங்க?"

"அழிக்கிற எண்டு சொல்லுவாங்க."

"ரப்பரால அழிக்கிற மாதிரியா?" என்று சிரித்தாள். ஒன்பது வயதில் இங்கே வந்தவள். அவளுடைய தமிழில் அழிப்பதற்கு ரப்பர் மட்டும்தான் இருக்கிறது. இருக்கிற தமிழும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போகிறது.

ஆசிரியர் கொடுத்த கேள்வித்தாளையும் காட்டினாள். மூன்றாவது கேள்வியில் என் கண் நின்றுவிட்டது. கரு கருப்பைக்குள் போகாமல் குழாயிலேயே தங்கிவிட்டால் அதை அகற்றுவதும் கருக்கலைப்பா என்று கேட்டிருந்தார்கள்.

"அது ஈஸி கேள்வி வாப்பா. அந்தப் பிள்ள எப்பிடியும் பிறக்காதாம். எடுக்காட்டி உம்மாவும் மௌத்தாகிருவாவாம். அதுல ரெண்டு சைடும் ஒண்டுதான் எண்டு சேர் சொன்னவர். கதைக்க ஒண்டுமில்லையாம்."

கையொப்பமிட்டேன்.

ஊரில், சாய்ந்தமருதிலும் கல்முனையிலும், இந்தப் பத்திரிகையில் இதை வாசிப்பவர்களில் பலருக்கு என்னைத் தெரியும். 'இங்கிலீசு மாஸ்டர்' என்றால் போதும். உங்களில் சிலர் ஒன்பது வருடத்துக்கு முன்னர் ஓர் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலின் பக்க அறையில் என்னோடு உட்கார்ந்திருந்தீர்கள். அன்று என் தங்கையின் ஆஸ்பத்திரித் துண்டை உங்களுக்கு நான் வாசித்துக் காட்டினேன். பிழையாக வாசித்தேன். அதைத் திருத்துவதற்குத்தான் இதை எழுதுகிறேன். பனி, ரயில், இங்குள்ள பெரிய கடைகள் பற்றியெல்லாம் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

2

எழுபதுகளின் கடைசி. நான் அட்டாளைச்சேனைப் பயிற்சிக் கலாசாலையில் படித்து வெளியேறி ஊரில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தெருவுக்குள் வரும் ஆங்கிலக் கடதாசி எல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். சவூதிக்குப் போகிறவரின் ஒப்பந்தம், அரசாங்கக் கச்சேரிக் கடிதம், மருந்துப் போத்தலில் ஒட்டிய சீட்டு என்று எல்லாமும்தான். தெரியாத சொல் வந்தால் தெரியாது என்று சொல்லும் பழக்கம் என்னிடம் இருக்கவில்லை. மாஸ்டருக்குத் தெரியாத சொல்லும் உண்டா என்று யாராவது கேட்டுவிடுவார்களே!

தங்கைக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு அவளுக்கு, மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருந்தார். கலியாணம் முடிந்து ஒரு வருடத்தில் அவர் சவூதிக்குப் போனார். இரண்டு வருடம் கழித்து இரண்டு மாத லீவில் வந்து நின்றுவிட்டுத் திரும்பினார். அவர் போய்ப் பத்து நாளில் தங்கைக்கு இரத்தம் கண்டது. மாமியாரின் வீடு அடுத்த ஒழுங்கைதான். மாமியார் வேலிக்கு மேலால் எட்டிக் கேட்டா.

"என்னகா, மருமகளுக்கு விசேஷம் ஒண்டும் இல்லையா?"

"முழுகிட்டாள்" என்றா உம்மா.

நம்மூரில் ஒரு பெண் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தால் முழுகாமல் இருக்கிறாள் என்போம். மாதக்குளிப்புக் குளித்துவிட்டால் முழுகிவிட்டாள். அந்த ஒரு சொல்லை உம்மா நல்லெண்ணத்தில்தான் சொன்னா. அது மாமியார் வீட்டின் மனக்கணக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. குழாயில் கரு தங்கினாலும் அப்படிக் கொஞ்சம் இரத்தம் போகும், பார்ப்பவருக்கு அது மாதவிலக்கு என்றே படும் என்று எங்கள் இரண்டு வீட்டிலும் ஒருவருக்கும் தெரியாது.

மூன்றாவது கிழமை அவளுக்கு அடிவயிற்றில் குத்து. அடுத்த நாள் வலது தோள்மூட்டில் நோவு. "கிணத்துல தண்ணி அள்ளின நோவுதான், வேற ஒண்டுமில்ல" என்று உம்மா எண்ணெய் தடவினா. வயிற்றுக்குள் இரத்தம் தேங்கினால் தோள் நோகும் என்பதும் எங்களுக்குத் தெரியாது. பகல் சோறு ஆக்கிக்கொண்டிருந்தவள் குசினியிலேயே விழுந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பக்கத்து வளவு வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். போன கையோடு ஒப்பரேஷனுக்கு எடுத்தார்கள்.

சிங்கள டொக்டர் வெளியே வந்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். நான் தலையை ஆட்டினேன். பெரியநீலாவணைப் பக்கத்துத் தாதி மிஸி ஒருவர் உம்மாவின் கையைப் பிடித்து, "இன்னும் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தா ஆள் இல்லம்மா" என்றார். என் இரத்தம் பொருந்தியது. ஒரு போத்தல் கொடுத்தேன். அந்த ஒரு போத்தலைச் சொல்லிச் சொல்லியே பல வருடம் எனக்கு நானே ஆறுதல் தேடியிருக்கிறேன்.

ஒன்பதாம் நாள் துண்டு வெட்டி, அதாவது என்ன நோய், என்ன செய்தது என்று எழுதிய சீட்டைக் கையில் தந்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். மாமியார் தோடம்பழம் கொண்டு பார்க்க வந்தா. வயிற்றில் பிள்ளை இருந்ததாம் என்று வாட்டில் இருந்த யாரோ அவவிடம் சொல்லியிருக்கிறார்கள். பழத்தைக் கட்டிலில் வைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே கேட்டா.

"முழுகிட்டாள் எண்டு நீங்கதானே சொன்னீங்க? என்ட மகன் போய்ப் பத்து நாளைக்குப் பிறகு முழுகினவட வயித்துல புள்ள எங்கால வந்த?"

பழம் வந்த வழியே திரும்பிப் போனது.

3

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு தாய்வழிக் குடிக்கும் ஒரு மரைக்காயர் இருப்பார். குடும்பத்துக்குள் பிணக்கு வந்தால் பள்ளிவாசலில் கூடி அவர்கள்தான் பேசித் தீர்ப்பார்கள். இரண்டு குடி மரைக்காயர்மாரும் வந்தார்கள். மாப்பிள்ளை பக்கத்தில் அவருடைய தாய்மாமன், எங்கள் பக்கத்தில் வாப்பாவும் நானும், நடுவில் மௌலவி. தங்கை வீட்டில் தையல் போட்ட வயிற்றோடு படுத்திருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

"மாஸ்டர், துண்டக் கொண்டு வந்தீங்களா? நீங்களே வாசிங்க. ஆரும் கூட்டிக் குறைச்சிச் சொன்ன எண்டு இரிக்கப்படா" என்றார் எங்கள் மரைக்காயர்.

எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டே வாசித்திருக்கலாம். எழுந்துதான் நின்றேன். நோயாளியின் பெயரை வாசித்தேன், வாப்பாவின் பெயரோடு சேர்த்து. வயதை வாசித்தேன். வாட்டு இலக்கத்தை வாசித்தேன். அடுத்து 'லெப்பரோ' என்று தொடங்கும் நீளமான சொல் ஒன்று. அதன் அர்த்தம் எனக்குத் தெரியாது. தெரிந்தவன் மாதிரி வேகமாக வாசித்துத் தாண்டினேன். அதற்குக் கீழே இரண்டு சொற்கள்.

டியூபல் அபோர்ஷன்.

அபோர்ஷன் எனக்குத் தெரியும். கொழும்பிலிருந்து வரும் ஆங்கிலப் பத்திரிகையில் அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறேன். பத்திரிகையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். டியூப் எல்லோருக்கும் தெரியும், சைக்கிளுக்குள்ளும் இருக்கிறது. டியூப் பெயர்ச்சொல், டியூபல் பெயரடை. இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. இரண்டையும் சேர்த்து அங்கேயே மொழிபெயர்த்தேன்.

"குழாய் போட்டு அழிச்சிருக்கு."

தாய்மாமன் துவாயை உதறித் தோளில் போட்டார். "பிறகென்ன? அழிக்கப் போய்ப் பிழைச்சதாலதான் வயித்த வெட்டியிருக்காங்க."

மௌலவி மட்டும் விடவில்லை. மெலிந்த மனிதர், குரலும் மெலிது. "மாஸ்டர், ஒண்டு கேக்கன். புள்ள எங்க தங்கியிருந்த எண்டு அதுல போட்டிரிக்கா? தாய்ட உசிருக்கு ஆபத்து எண்டா அது வேற கதை. தாய்தான் முதல். அப்பிடி எடுத்தா அதுல குத்தமில்ல."

"அது இதுல இல்ல ஹஸரத்" என்றேன்.

அதுதான் அதில் இருந்தது. வேறொன்றுமே அதில் இல்லை. புள்ள எங்கே தங்கியிருந்தது என்பதைத்தான் அந்த முதல் சொல் சொன்னது. நான் அதைக் கையில் பிடித்துக்கொண்டே இல்லை என்றேன்.

தங்கைக்கு நான் ஏன் பரிந்து பேசவில்லை என்று கேட்பீர்கள். உள்ளதை உள்ளபடி வாசிக்கிறவன் என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. சொந்தத் தங்கையின் துண்டென்றாலும் மறைக்கமாட்டான் என்று நீங்கள் சொல்ல வேண்டும் என்று நான் விரும்பினேன். சொன்னீர்கள். இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நான் வாசித்ததை நானும் நம்பினேன்.

மூன்று மாதத்தில் மாப்பிள்ளையின் தலாக் கடிதம் கலியாண வழக்குப் பார்க்கும் காதியாருக்கு வந்தது. வாப்பா அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்குத் தொழப் போகவில்லை, கடற்கரைப் பக்கத்துத் தைக்காவுக்கு நடந்தார். தங்கைக்குத் தெருவில் ஒரு பட்டப்பெயர் விழுந்தது. குழாய் போட்டவள். நான் செய்த மொழிபெயர்ப்புகளில் ஊர் மறக்காமல் வைத்திருப்பது அது ஒன்றைத்தான்.

4

இங்கே வந்து ஐந்து வருடமாகிறது. ஊரில் மாஸ்டராக இருந்தவன் இங்கே ஓர் ஆஸ்பத்திரியின் நிலவறையில் நோயாளிகளின் கடதாசிக் கோவைகளை அடுக்குகிறேன். என் ஆங்கிலத்துக்கு இந்த நாடு கொடுத்த இடம் அது. பெயரின் முதல் எழுத்தைப் பார்த்துத் தட்டில் வைக்கத் தெரிந்தால் போதும். முதல் நாளே மேலாளர் என் உச்சரிப்பு விளங்கவில்லை என்று தொலைபேசியை என் மேசையிலிருந்து எடுத்துவிட்டார்.

என்னோடு வேலை செய்பவர் மோரின் என்ற அயர்லாந்துக்காரி. அறுபதை நெருங்கியவர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு நாள் கோவையொன்றிலிருந்து கழன்ற தாளைத் திரும்பக் குத்தும்போது அதே இரண்டு சொற்களைக் கண்டேன். டைப் அடித்த எழுத்து. டியூபல் அபோர்ஷன்.

சும்மா கேட்பது போல மோரினிடம் கேட்டேன், இந்த ஊரில் இதைக் குழாய் போட்டுத்தானா செய்கிறார்கள் என்று. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். தட்டின் மேலிருந்த தடித்த மருத்துவ அகராதியை இறக்கி என் முன்னால் போட்டார்.

நின்றபடியே வாசித்தேன். கருக்குழாயில் தங்கிய கரு அங்கிருந்து தானாகவே கழன்று வயிற்றுக்குள் விழுவது. அபோர்ஷன் என்ற சொல்லையும் தேடினேன். டொக்டர்மாரின் பாஷையில் அது யாரோ செய்வதுதான் என்றில்லை. தானாகக் கலைந்தாலும் அதே சொல்தான். வழுக்கி விழுந்து கலைந்தவளுக்கும், அழுது அழுது பிள்ளை கேட்டுக் கிடைத்துக் கலைந்தவளுக்கும் அதையேதான் எழுதுவார்கள். 'லெப்பரோ' என்ற அந்த நீளச் சொல்லையும் தேடினேன். வயிற்றைத் திறந்து பார்ப்பது. ஆக அந்தச் சிங்கள டொக்டர் ஓர் எழுத்துக்கூடப் பிழையாக எழுதவில்லை. அவர் தன்னைப்போன்ற இன்னொரு டொக்டருக்கு எழுதினார். நடுவில் நான் புகுந்து வாசித்தேன்.

கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். வெளியே வந்ததும் மோரினுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். "எங்கள் குருமார் கருக்கலைப்பு என்ற பேச்சையே எடுக்க விடமாட்டார்கள். ஆனால் குழாயில் தங்கினால் குழாயை எடுக்கச் சொல்வார்கள். அதற்கு அந்தப் பெயரை வைக்கமாட்டார்கள், அவ்வளவுதான்" என்றார்.

மெலிந்த மௌலவியும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார். எங்கள் நாட்டுச் சட்டமும் தாயின் உயிரைக் காப்பதற்கென்றால் குற்றமில்லை என்கிறது. மார்க்கம், கோயில், சட்டம் எல்லாம் தங்கையின் பக்கம் நின்றிருக்கின்றன. எதிர்ப்பக்கம் நின்றவன் நான் ஒருவன்.

அன்றைக்கே ஊருக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. லீவில் போகும்போது நேரில் சொல்லலாம் என்றேன். பிறகு ஊரில் குழப்பம், போக வழியில்லை என்றேன். உண்மையான காரணம் வெட்கம். இரண்டு வருடம் அந்த அகராதியைத் தாண்டித் தாண்டித் தேநீர் குடிக்கப் போனேன்.

5

விவாதம் முடிந்து மகள் வந்தாள். அவளுடைய அணி தோற்றுவிட்டதாம். எந்த அணி என்று நான் கேட்கவில்லை. மூன்றாவது கேள்விக்கு அரை நிமிடம்தான் எடுத்ததாம்.

அவளை உட்காரச் சொல்லி, அந்த அரை நிமிடக் கேள்வி அவளுடைய மாமியின் வாழ்க்கை என்று சொன்னேன். தமிழில் தொடங்கினேன். துண்டு வெட்டுவது என்றதும் விளங்கவில்லை, முழுகுவது என்றதும் விளங்கவில்லை. பாதியில் ஆங்கிலத்துக்கு மாறினேன். என் குற்றத்தை என் பிள்ளையிடம் சொல்லவும் எனக்கு அந்த ஆங்கிலம்தான் தேவைப்பட்டது.

முழுவதையும் கேட்டாள். "பாவம் மாமி, அவ ஒண்டுமே செய்யல்ல" என்பாள் என்று எதிர்பார்த்தேன். நானும் அந்த ஒரு வசனத்தைத்தான் இரண்டு வருடமாக மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் வேறொன்றைக் கேட்டாள்.

"சரி வாப்பா, மாமி உண்மையாவே அழிச்சிருந்தா? அப்ப நீங்க செய்தது ஓகேயா?"

"அது வேற கேள்வி" என்றேன்.

"இல்ல வாப்பா, அதான் கேள்வி. செத்துப் பிழைச்சி வந்து படுத்திருக்கிறவட பேப்பர, அவவ கேக்காம, ஆம்பிளையள் எல்லாம் இருந்து வாசிச்சீங்க. அதுல என்ன எழுதியிருந்தா என்ன?"

எனக்குக் கோபம் வந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு பழகி வாய் நீண்டுவிட்டது என்று சத்தம் போட்டேன். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எந்த இடத்தில் கோடு போடுவது, எத்தனை வாரம், எது பாவம் என்று வானொலியில் வாதாடுகிறவர்கள் வாதாடட்டும். நான் அதில் தீர்ப்புச் சொல்லத் தகுதியானவன் அல்ல. நம்மூரில் அன்று கூடியவர்கள் பாவத்தைப் பற்றிக்கூடப் பேசவில்லை. ஒரு சொல் கிடைத்தது, அதை ஒரு பெண்ணின் மேல் ஒட்டிவிட்டு எழுந்து போனோம். அடுத்த நாள் தங்கைக்கு எழுதினேன். அகராதியில் இருந்ததைத் தமிழில் வரி வரியாக எழுதி, மன்னிப்புக் கேட்டேன். இதைப் பத்திரிகையிலும் எழுதப் போகிறேன், உன் பெயர் வராது, 'என் தங்கை' என்றுதான் எழுதுவேன் என்றும் சொன்னேன்.

6

போன கிழமை பதில் வந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவள். கதைப்பது போலவே எழுதுவாள், அண்ணனைக் காக்கா என்றே. அப்படியே தருகிறேன்.

"அன்புள்ள காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் கெடச்சிது. நீங்க எழுதின விளக்கம் எனக்குத் தேவப்படல்ல. எனக்கு அண்டைக்கே தெரியும். அந்த மிஸி கட்டிலுக்கு வந்து சொன்னவ, புள்ள இருக்க வேண்டிய எடத்துக்குப் போகாம குழாய்க்குள்ள தங்கி, கழண்டு, வயித்துக்குள்ள ரெத்தம் கொட்டிட்டுது எண்டு. நீங்க பள்ளிக்கு வெளிக்கிடக்குள்ள நான் ஒங்களுக்கும் சொன்ன. நீங்க கண்ணாடியப் பாத்து சேட்டுப் பொத்தானப் போட்டுக்கிட்டு, ஒனக்கு இங்கிலீசு தெரியுமா எண்டு கேட்டீங்க. மறந்திருப்பீங்க."

மறந்துதான் இருந்தேன். வாசித்த பிறகு கண்ணாடி ஞாபகம் வந்தது. சட்டையின் நிறமும் ஞாபகம் வந்தது. என் தங்கையின் குரல் மட்டும் இன்னும் வரவில்லை.

"போன நோன்புக்குப் பக்கத்து வளவுப் புள்ளைக்கு வயித்துக் குத்து. வாயுவாம் எண்டு கசாயம் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. நான் போய்த் தோள்மூட்டு நோவுதா எண்டு கேட்ட. ஓம் மாமி எண்டாள். கசாயத்த வாங்கி ஊத்திட்டு நானே ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போன. புள்ள தப்பிட்டாள். துண்டு வெட்டி வந்த அண்டைக்கு அவட மாமனார் அத ஆருக்கிட்டயோ குடுத்து வாசிக்கப் போற எண்டாரு. நான் அத வாங்கி அவட கையில குடுத்து, இது ஒண்ட துண்டு, நீயே வெச்சிக்க எண்டு சொன்ன. இப்ப வயித்துக் குத்து எண்டா இந்தத் தெருவுல என்னத்தான் கூப்பிடுறாங்க. குழாய் போட்டவளக் கூப்பிடுங்க எண்டுதான் கூப்பிடுறாங்க. நானும் போறன்."

அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு எழுதியிருந்தாள்.

"பத்திரிகையில என்ட பேர மறைக்க வேணாம். அண்டைக்குப் பள்ளியில என்ட பேரையும் வாப்பாட பேரையும் வயசையும் வாசிச்சிட்டுத்தானே அந்தச் சொல்ல வாசிச்ச நீங்க. இதையும் அப்பிடியே வாசிங்க."

வாசிக்கிறேன். அன்று அந்த அறையில் இருந்தவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோயாளியின் பெயர், ஆதம்பாவா சித்தி பரீதா. வயது இருபத்திரண்டு. கரு குழாயில் தங்கியிருந்தது. வாசித்தவனுக்கு ஆங்கிலம் தெரியாது.